பெனால்டி கொடுத்தவள் வீட்டுக்கு வருகிறாள்

அத்தியாயம் பதினான்கு

அந்த வீட்டு மாடி ஜன்னல் திரைச்சீலையைத் துவைத்துக் காயப்போட்டால், கிளப்புக்குப் புது ஆட்டக்காரர் வருகிறார் என்று அர்த்தம்.

இதை நான் சொல்லவில்லை, தெருவே சொல்கிறது. மாடி அறையை கிளப் வாடகைக்கு எடுத்து, புதிதாகச் சேர்கிற ஆளை முதல் சீசன் முழுக்க அங்கேதான் தங்க வைக்கும். கோல்கீப்பர் வந்தபோதும் அப்படித்தான், போன வருஷம் இடது பக்க டிஃபெண்டர் வந்தபோதும் அப்படித்தான். பேப்பரில் செய்தி வருவதற்கு முன்னால் மொட்டைமாடிக் கொடியில் செய்தி வந்துவிடும்.

இன்று காலை அந்த நீலத் திரைச்சீலை கொடியில் ஆடியது. போதாதா? பேக்கரியில் பன் வாங்க வந்தவர்கள் பன்னை மறந்தார்கள். சலூனில் பாதி முகம் வழித்தவர் மீதி நுரையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"கொக்கு வருதுடோய்!" கிளப் வலைவீசிக்கொண்டிருந்த ஃபார்வர்டுக்குத் தெரு வைத்த பெயர் அது.

போன வார இதழை பஸ்ஸில் யாரோ சுருட்டிக்கொண்டு போய்விட்டதாக எழுதியிருந்த வாசகிக்காக, இந்த இடத்தில் நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்குப் பட்டப்பெயர் இடி. கீழே டூவீலர் ஒர்க்‌ஷாப். மேட்ச் அன்றைக்குக் கிழக்கு கேலரியில் மெகாஃபோன் பிடிப்பவர். அவர் எடுத்துக் கொடுக்காமல் அங்கே ஒரு பாட்டு கிளம்பாது. மனைவி எலும்பு வார்டு நர்ஸ், தெருவுக்கே சிஸ்டர். ஒரே மகள். அவள் ரெஃப்ரி.

இரண்டு வருஷத்துக்கு முன் அரையிறுதியில், ஊதிக்கொண்டிருந்தவருக்குக் கால் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் காத்திருந்த மகள் விசிலோடு உள்ளே போனாள். ஆட்டம் முடியப்போகிற நேரம். அன்று எதிரணிக்கு ஆடிய இதே கொக்கு நம் பெனால்டி பாக்ஸுக்குள் விழுந்தான். ஊதினாள். பெனால்டி, கோல், நம் ஆட்கள் வெளியே. 'விசிலுக்குக் கண்ணில்லை' என்று கேலரி அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடியது. இடி அதைப் பாடவில்லை. நிறுத்தவும் இல்லை. மெகாஃபோனைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து மகள் இந்தத் தெருவில் காலெடுத்து வைக்கவில்லை. சிஸ்டர்தான் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

போன வாரம் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாளே, ஞாபகம் இருக்கிறதா?

"ஃபைனலுக்கு என்னைப் போட்டிருக்காங்கம்மா. அது எங்கப்பா டீம்னு நானே சொல்லிட்டேன். அவங்களுக்கு எதிரா பெனால்டி குடுத்தவளுக்கு வேற சர்ட்டிஃபிகேட் எதுக்குன்னு சிரிக்கிறாங்க. ஒண்ணே ஒண்ணுதான். அந்த கிளப் ஆள் யாரும் நம்ம வீட்டுல குடியிருக்கக் கூடாதாம். இருந்தா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"இப்ப மாடி காலியாத்தானே இருக்கு?"

"காலியாவே இருக்குமா? அப்பாகிட்ட நானே நேர்ல வந்து கேக்கறேன். அவர் ரூமை கிளப்புக்குத்தான் குடுப்பேன்னு சொன்னா, ஃபைனலை விட்டுடறேன். சண்டை போட மாட்டேன்."

ஒரு ரெஃப்ரியின் வாழ்க்கையில் ஃபைனல் என்பது தினமும் கதவைத் தட்டுகிற விருந்தாளி இல்லை. அதைத்தான் அவள் இவ்வளவு நிதானமாக விட்டுவிடுகிறேன் என்கிறாள். இன்று சாயங்காலம் வருகிறாள். அவளுக்காகத்தான் திரைச்சீலையைத் துவைத்தார். அதுதான் ஊரைக் கூட்டும் என்பது, சத்தியமாக, அவருக்குத் தோன்றவே இல்லை.

கணவரிடம் சொன்னாரா? இல்லை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் பேச்சு என்பது 'சாப்பிட வாங்க', 'கேஸ் தீர்ந்துடுச்சு' அளவோடு சரி.

இடி ஒர்க்‌ஷாப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். முகம் முழுக்கப் பல்.

"மேனேஜர் போன் பண்ணாரா?"

"எந்த மேனேஜர்?"

"சரி, சரி. நான் கேக்கலை."

"கேளுங்களேன். ஏன் தொவைச்சேன்னு கேளுங்க."

"எதுக்கு? ஆஸ்பத்திரி ரகசியமே உன் வாயிலேர்ந்து வராது. கிளப் ரகசியமா வரப்போகுது?" என்று கண்ணடித்துவிட்டு மெகாஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். வாயைக் கட்டிக் காப்பாற்றின பேருக்கு இப்படி ஒரு பலன்!

வெளியே வாசலில் கூட்டம். ஃபைனலுக்கு முன்னால் ஆள் சேர்க்க இன்றோடு கெடு முடிகிறது. அதனால் எல்லாருக்கும் இன்றைக்கே எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாக வேண்டும். கொக்கு வேண்டாம் என்கிற கட்சிக்குத் தலைவர் சலூன்காரர். வேண்டும் கட்சிக்குத் தலைவி பேக்கரி அக்கா.

"வயசானவனைக் கூட்டிட்டு வந்து நாம என்ன பண்றது? பென்ஷன் குடுக்கறதா?" என்றார் சலூன்காரர்.

"வயசு காலுக்குத்தான். தலைக்கு இல்லை. அவன் தலையால போட்ட கோலை எண்ணிப் பாரு."

"முட்டி? ரெண்டு தடவை கத்தி பட்ட முட்டி. சிஸ்டர்! நீங்களே சொல்லுங்க, கொக்கு முட்டி எப்படி இருக்கு?"

மாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "உன் நாக்கைவிட நல்லாத்தான் இருக்கும்."

தெரு சிரித்தது. சலூன்காரர் விடுகிற ஆளா? கத்திரி பிடித்த விரல் இரண்டையும் ஆட்டிக்கொண்டே நடுவில் வந்து நின்றார்.

"முட்டியை விடு. ஆளே ஏமாத்துக்காரன். அரையிறுதில என்ன பண்ணான்? காத்து பட்டதுக்கே விழுந்தான். அப்படி ஜெயிக்கறவன் நம்ம ஜெர்சியைப் போடலாமா? நமக்கு மானம் மரியாதை இல்லையா?"

"காத்தா?" பேக்கரி அக்கா இடுப்பில் கை வைத்தார். "நான் கோல்போஸ்ட்டுக்கு நேர் பின்னாடி நின்னேன். நம்ம டிஃபெண்டர் காலை வாரி விட்டான். பந்து ஒரு பக்கம், இவன் கால் ஒரு பக்கம். கொக்கு என்ன, யானையா இருந்தாலும் விழும்."

"ஓஹோ! அப்ப அது பெனால்டியா?"

"பின்னே?"

"அப்ப அன்னைக்கு 'விசிலுக்குக் கண்ணில்லை'ன்னு முதல் வரிசைல நின்னு தொண்டை கிழியப் பாடினது யாரு? நானா?"

பேக்கரி அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். சுற்றி இருந்தவர்கள் திடீரென்று கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இது இவர்களுக்கே உண்டான சங்கடம். கொக்கு ஏமாற்றுக்காரன் இல்லை என்றால் அன்றைய பெனால்டி சரி. பெனால்டி சரி என்றால் பாட்டு தப்பு. இரண்டு வருஷமாக மேட்சுக்கு மேட்ச் பாடி வந்த பாட்டு.

"அது... தோத்த வயித்தெரிச்சல்ல பாடினது," என்றார் அக்கா கடைசியில்.

"இடி, நீ சொல்லு. நீதானே முதல் குரல்? பெனால்டியா, இல்லையா?"

இடி மெகாஃபோனின் பேட்டரி மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "பழசைக் கிளறாதப்பா. கோல் போடறவன் வர்றான். அவ்வளவுதான்."

மாடியில் வாளி தரையில் 'டங்' என்று வைக்கப்பட்டது. அந்தச் சத்தம் அவருக்கு மட்டும் புரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம், டாக்ஸி தெருவை நெருங்கும்போதே டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"மேடம், உள்ள போறது கஷ்டம். ஒரே கூட்டம். கொக்கு வருதாம்."

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யார் சொன்னா?"

"மாடியில திரைச்சீலை காயுதாமே. அது பொய் சொல்லாதுன்னு சொல்றாங்க."

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு அந்தக் கூட்டத்தில் யார் யார் நிற்பார்கள் என்று தோன்றியதும் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. போனை எடுத்தாள்.

"அம்மா, திரைச்சீலையை எதுக்கும்மா தொவைச்சே?"

"நீ வர்றே. தூசி பிடிச்சதை மாட்டி வைப்பேனா?"

"தெரு பூரா கொக்குக்காக நிக்குதாம்மா. நான் போய் இறங்கினா... இன்னொரு நாள் வரட்டுமா?"



"கண்ணு, ஸ்டேடியம் நெறைய ஆளுங்க கத்தறப்பவே கையை நீட்டிப் பெனால்டி குடுத்தவ நீ. உங்கம்மா வார்டுல எல்லார்கிட்டயும் அதைச் சொல்லித்தான் பெருமை அடிச்சுக்கறா. ஒரு தெருவைப் பாத்தா பயப்படறே? நேரா வா."

பெருமை அடித்துக்கொள்வதை அம்மா இதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. அவள் போனை வைத்தாள்.

"நேரா போங்கண்ணா," என்றாள் டிரைவரிடம்.

டாக்ஸியைப் பார்த்ததும் தெரு பொங்கியது. இடி மெகாஃபோனை வாயில் வைத்தார். வரவேற்புப் பாட்டின் முதல் அடியை எடுத்தார். கூட்டம் இரண்டாம் அடியைப் பிடித்தது. 'கொக்கே, கொக்கே' என்று வேண்டாம் கட்சிக்காரர்கள் கூட வாயசைத்தார்கள். பின்கதவு திறந்தது. கால் ஒன்று இறங்கியது, பிறகு ஒரு பெட்டி, பிறகு இரண்டு வருஷமாக அந்தத் தெரு பார்க்காத முகம்.

பாட்டு பாதியில் அறுந்தது.

"எனக்கா இவ்வளவு கூட்டம்?" என்றாள் மகள். சிரித்தபடிதான் கேட்டாள்.

"போச்சுடா," என்றார் சலூன்காரர். "கொக்குன்னு பாத்தா விசிலு. திரைச்சீலை நம்மளை ஏமாத்திடுச்சே!"

"அது என்ன ஏமாத்திச்சு?" சிஸ்டர் படியிறங்கி வந்துவிட்டார். "ஆள் வருதுன்னு சொல்லிச்சு. வந்திருக்கு. என் வீட்டுத் திரைச்சீலையை நான் என் பொண்ணுக்காகத் தொவைக்கக் கூடாதா? உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டுத் தொவைக்கணுமா?"

இடி மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் 'கேளுங்களேன்' என்று சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

பேக்கரி அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. மனசில் வைத்துக்கொண்டு தூங்கமாட்டார். முன்னால் வந்தார்.

"பாப்பா, காலையிலேர்ந்து இதே சண்டை. அன்னைக்கு அவ்வளவு கிட்ட நின்னது நீ ஒருத்திதான். கொக்கு ஏமாத்தி விழுந்தானா, விழ வெச்சாங்களா? நீ சொல்லும்மா."

"அன்னைக்கே சொல்லிட்டேனே அக்கா. பின்னே விசில் எதுக்கு ஊதினேன்?"

"நான் வீடியோவை நூறு தடவை பாத்தேன்," என்றார் சலூன்காரர்.

"நான் ஒரு தடவைதான் பாத்தேன் அண்ணா. ஆனா தள்ளி நின்னு பாக்கலை. உங்க டீம்னு தெரிஞ்சும்தான் பாத்தேன். எங்கப்பா எதிர்ல நிக்கறார்னு தெரிஞ்சும்தான் ஊதினேன்."

தெரு இப்போது இடியைப் பார்த்தது. எந்தப் பேச்சுக்கும் முதல் குரல் அவருடையதுதானே? அவர் எடுத்தால் இவர்கள் தொடர்வார்கள். அவர் உட்கார்ந்துவிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள். அன்றைக்கு நடந்தது அதுதான். சிஸ்டர் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டால் இனி 'சாப்பிட வாங்க' கூடக் கிடையாது என்று அந்தப் பார்வை சொன்னது.

இடி மெகாஃபோனை எடுத்தார். அதற்கு அவசியமே இல்லை, எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் எடுத்தார்.

"கொக்கு வந்து கோலும் போடணும், பாட்டும் பாடணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிப்பா? கொக்கு வரட்டும், வராம போகட்டும். அது பெனால்டி. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் உட்கார்ந்துட்டேன்." மெகாஃபோனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "சொந்த அப்பன் டீம்னு பாக்காம ஊதினா பாருங்க, அவ என் பொண்ணு. இனிமே அந்தப் பாட்டு நம்ம கேலரில கிடையாது. பாடணும்னா என்னைத் தூக்கி வெளியில போட்டுட்டுப் பாடுங்க."

முதலில் கை தட்டியது டாக்ஸி டிரைவர். அவருக்கு இந்த கிளப்பே கிடையாது, பாவம். அடுத்து பேக்கரி அக்கா. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. எல்லாரும் தட்டினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சலூன்காரர் கையைக் கட்டிக்கொண்டேதான் நின்றார், அவரோடு ஐந்தாறு பேரும்.

மகள் அப்பாவின் அருகில் வந்தாள். கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். எல்லார் முன்னாடியும் கேக்கலாமா?"

"கேளு."

"ஃபைனலுக்கு என்னைப் போட்டிருக்காங்க."

"எந்த ஃபைனலுக்கு?" என்றவர், உடனே புரிந்துகொண்டு, "நம்ம ஃபைனலுக்கா?" என்றார். கண் அகலமாக விரிந்தது.

"ஆமாம்பா. ஆனா நம்ம மாடியில கிளப் ஆள் யாரும் இருக்கக் கூடாது. கொக்கு இங்க வந்து தங்கினா நான் ஊத முடியாது. நீங்க ரூமைக் குடுக்கணும்னா குடுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

வருத்தப்பட மாட்டேன் என்றவளின் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன. இடி வாயைத் திறப்பதற்குள் அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. கிளப் மேனேஜர். கையெல்லாம் கிரீஸ் என்பதால் எப்போதும் போலச் சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார். அதனால் மேனேஜர் பேசியதைத் தெருவே கேட்டது.

"இடி! கொக்கு ரெடி. பேனாவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கார்!"

"ஏய்!" என்று கூட்டம் துள்ளியது.

"ஆனா ஒரு கண்டிஷன் போடறார். உங்க வீட்டு மாடின்னாத்தான் கையெழுத்தாம். ஓட்டல்னு சொன்னேன், தனி வீடுன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கறார். காரணம் கேட்டா, அதை அந்த வீட்டுக்காரங்ககிட்டதான் சொல்வேங்கறார். கெடு முடியப்போகுது இடி. ரூம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பேக்கரி அக்கா இரண்டு கையையும் கூப்பினார். அதற்கும் முன்னால் கூப்பியது யார் தெரியுமா? சலூன்காரர்! ஏமாற்றுக்காரன், முட்டி போனவன், வயசானவன் என்று காலையிலிருந்து கத்தியவர், "சொல்லிடு இடி, சொல்லிடு" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கெஞ்சினார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவுக்குக் கொக்கு தன் வீட்டில் தூங்கி எழுவது என்றால் எப்படிப்பட்ட விஷயம் என்று அவளுக்குத் தெரியாதா? பெட்டியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். இடி தரவில்லை.

"ரூம் காலி இல்லை சார்."

"என்ன விளையாடறீங்களா? காலையிலதானே திரைச்சீலை காயுதுன்னு எனக்கே போன் வந்துச்சு. யார் இருக்கா அங்க?"

"ஃபைனல் ஊதப்போற ரெஃப்ரி இருக்காங்க," என்றார் இடி. மெகாஃபோன் இல்லாமலே அது தெருமுனை வரைக்கும் கேட்டது. "என் பொண்ணு."

மறுமுனையில் மேனேஜர் யாரிடமோ ஏதோ கிசுகிசுத்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி, இவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"இப்ப நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க," என்றார் இடி. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மகளின் பெட்டியோடு மாடிப்படி ஏறினார்.